சுவருக்கு இந்தப் பக்கம்

தெல்மா அப்பாவின் இடது கன்னத்தில் சவரக்கத்தியை வைத்திருந்த நேரத்தில்தான் மைதானத்திலிருந்து அந்தக் கூச்சல் எழுந்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"நம்ம பசங்க இல்ல. ட்ரெவென்காரனுங்க. பெனால்டி உதை உள்ள போயிடுச்சு."

"பேசாதீங்கப்பா. வெட்டிக்கும்."

"வெட்டட்டுமே. தழும்பு ஆறுற வரைக்கும் நான் இருக்கப் போறேனாக்கும்."

காலையில் வந்த நர்ஸ் தெல்மாவை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தி, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தாழ்த்தி என்ன பயன்? முன்னறைக் கட்டிலில் கிடந்த ஹெட்லி நான்கரோவுக்கு நுரையீரல்தான் போயிருந்தது, காது போகவில்லை. தகரச் சுரங்கத் தூசி அவருடைய நெஞ்சுக்குள் எப்போதோ குடியேறிவிட்டது. இத்தனை வருஷம் வாடகை இல்லாமல் இருந்துவிட்டு இப்போது வீட்டையே கேட்கிறது.

ஜன்னலை மூடக்கூடாது என்பது அவருடைய உத்தரவு. சனிக்கிழமை, பிப்ரவரிக் குளிர், கடல் காற்று வேறு. ஆனாலும் சொந்த ஊர் போல்கார்த்தும் பக்கத்து ஊர் ட்ரெவெனும் ரக்பியில் மோதும் நாளில் ஜன்னலை மூடுகிறவன் கார்ன்வால்காரனே இல்லை என்றார். தெல்மா அவருக்கு இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டுத் தன் தோளிலும் ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

அவள் மனசு ஆட்டத்தில் இல்லை. வியாழக்கிழமை காலின் வந்து போனதில் இருந்தது. காலின் போல்கார்த் ரக்பி கிளப்பின் இப்போதைய தலைவர், நாற்பது வயசு, கார் பட்டறை வைத்திருப்பவர். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். இங்கிலாந்துக்கு ஆடியவர்களின் பெயர்ப் பலகையில் ஹெட்லியின் பெயரைப் பொன் எழுத்தில் திரும்பவும் எழுதப் போகிறார்களாம். காலம் வரும்போது, அதாவது, தவறாக நினைக்கக் கூடாது, பெட்டியைக் கிளப்புக்குள்ளே ஒரு ராத்திரி வைத்திருந்து அங்கிருந்தே தூக்கிப் போக வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசையாம். வீட்டார் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று தெல்மா கதவைச் சாத்தினாள். யோசிக்க அவளுக்கு ஒன்றுமே இல்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் இரண்டு ரக்பி. ஒன்று பதினைந்து பேர் ஆடுவது, காசுக்காக அல்ல, கௌரவத்துக்காக. மற்றது வடக்கே பதின்மூன்று பேர் ஆடுவது, அதற்குச் சம்பளம் உண்டு. கௌரவ ரக்பிக்காரன் ஒருவன் வடக்கே போய் ஆடிவிட்டால் அவனை ஆயுள் முழுக்கத் தள்ளிவைத்துவிடுவார்கள். ஆடக்கூடாது, சொல்லித்தரக்கூடாது, கிளப்புக்குள் நுழைந்து ஒரு கோப்பைத் தேநீர்கூடக் குடிக்கக்கூடாது. குடிகாரனுக்கு மன்னிப்பு உண்டு, சிறைக்குப் போனவனுக்கு மன்னிப்பு உண்டு, ஆடிய ஆட்டத்துக்குக் கூலி வாங்கியவனுக்குக் கிடையாது.

ஹெட்லி பதினேழு வயசில் போல்கார்த்துக்கு ஆட வந்தார். பகலில் சுரங்கம், மாலையில் பந்து. வலப்பக்கம் சாய்வதுபோல் காட்டி இடப்பக்கம் நழுவும் அவருடைய காலைப் பிடிக்க ஆள் இல்லை. மூன்று முறை இங்கிலாந்தின் வெள்ளைச் சட்டையைப் போட்டார். பிறகு சுரங்கம் ஆட்களைக் குறைத்தது. கையில் குழந்தை தெல்மா. வடக்கே லங்காஷயரில் ஒரு கிளப், ஒரே ஒரு ஆட்டம் ஆடிக் காட்டு, பெயரை வெளியிட மாட்டோம் என்று சொல்லி அனுப்பியது. அது அங்கே வழக்கம்தான். பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பலாம், யாருக்கும் தெரியாது. ஆட்டக்காரர் பெயர்களை அச்சடித்த தாளில் 'ஸ்மித்' என்று போட்டார்கள்.

ஸ்மித் அருமையான ட்ரை ஒன்று போட்டான். எதிரிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு கார்ன்வால் குரல், "ஹெட்லி நான்கரோ, எங்க போல்கார்த் சிங்கமே," என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தியது. அவ்வளவுதான். பத்திரிகைக்காரர்கள் பென்சிலை எடுத்தார்கள். இரண்டு நாளில் லண்டன் ரக்பி சங்கம் அவரைத் தள்ளிவைத்துவிட்டது. திரும்ப வழியில்லாததால்தான் அவர் வடக்கே கையெழுத்தே போட்டார். ஏழு வருஷம், இரண்டு முறை உடைந்த தோள் எலும்பு, கடைசியில் ஒரு முழங்கால்.

"யாரோ ஒரு ஊர்க்கார மடையன்," என்று அம்மா சாகும்வரை அந்தக் குரலைத் திட்டினாள். அப்பா சிரிப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஊருக்குத் திரும்பிய முதல் சனிக்கிழமை அவர் தெல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளப் வாசலுக்குப் போனார். அவளுக்கு ஏழு வயசு. அப்போது கிளப் செயலாளர் பெர்சி ட்ரெகென்ஸா. அப்பாவின் பழைய ஜோடி, நடுவரிசையில் தோளோடு தோள் ஆடியவர். பெர்சி வாசலில் நின்று, "உள்ள வரக்கூடாது ஹெட்லி. விதி," என்றார். அப்பா தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் கை வேர்த்திருந்தது தெல்மாவுக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அம்மாவும் அவளும் பெர்சியுடன் பேசவில்லை. ஆலயத்தில் ஒரே வரிசையில் உட்கார நேர்ந்தால் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை ஆனால் அம்மா அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பக்கத்து டவுனுக்குப் போய்விடுவாள், அந்தக் கூச்சல் காதில் விழக் கூடாது என்று. பதினெட்டு வயசில் தெல்மா ஆசிரியை வேலைக்கு வெளியூர் போனவள்தான். இப்போது அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் லண்டன் சங்கத்துக்காரர்கள் மனசு மாறி, இனி எல்லாரும் காசு வாங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் காலினுக்குப் பொன் எழுத்து ஞாபகம் வந்தது. செத்த பிறகு உள்ளே வா என்கிறார்கள். தெல்மாவுக்குக் கதவை இந்தப் பக்கமிருந்து சாத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் சாத்துவதற்கு அவள் யார்? சொல்ல வேண்டியவர் கட்டிலில் கிடந்தார், சொல்லாமலே போய்விடுவாரோ என்பதுதான் அவளுடைய பயம்.

முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் கேட்டாள். "அப்பா, காலினுக்கு என்ன பதில் சொல்றது? உங்கள உள்ள கொண்டு போகலாமா, கூடாதா?"

அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் இவ்வளவு அமைதியா இருக்கு?"

"எது?"

"மைதானம். சத்தம்னா எனக்குப் புரியும். இந்த அமைதிதான் புரியல." மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு கண்ணு."

"அந்த வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன்."

"வாசலுக்கு யாரு போகச் சொன்னா? சந்து வழியாப் போ. சுவர் தாழ்ந்த இடம் ஒண்ணு இருக்கு. அங்க நின்னாத் தெரியும்."

"உங்கள விட்டுட்டா?"

"எனிட் இருக்கா இல்ல, அடுப்படியில? அவ பேச்சுக்கு எமனே வாசல்ல காத்துக்கிட்டு நிப்பான்."

அடுப்படியிலிருந்து பக்கத்து வீட்டு எனிட், "காதுல விழுது ஹெட்லி," என்றாள்.

"பதில் சொன்னாத்தான் போவேன்," என்றாள் தெல்மா.

"முதல்ல ஸ்கோர். அப்புறம் பதில்."

தெல்மா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போகும் வழியெல்லாம் அவளுக்குக் கோபம். சாகக் கிடக்கும் மனுஷன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளாமல் ஸ்கோர் கேட்டு அனுப்புகிறார்.

சந்து சேறாக இருந்தது. ஒரு பக்கம் முள்வேலி, மறுபக்கம் மைதானத்தின் கருங்கல் சுவர். வளைவு தாண்டியதும் சுவர் நெஞ்சளவுக்குத் தாழ்ந்தது. அங்கே ஒரு கிழவர் முழங்கையை ஊன்றி நின்றிருந்தார். டை கட்டியிருந்தார். பெர்சி ட்ரெகென்ஸா.

தெல்மா திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஸ்கோர் இல்லாமல் எப்படிப் போவது?

பெர்சி அவளைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார். "போயிட்டானா?"

"இல்ல. ஸ்கோர் கேட்டார்."

பெர்சியின் தோள் இறங்கியது. "ஒம்பதுக்கு ஆறு. நாம பின்னாடி. நம்ம பையன் ஒருத்தன் தலையில அடிபட்டுக் கிடந்தான், அதான் கூட்டம் மூச்சுக் காட்டல. இப்ப எந்திரிச்சிட்டான். கேட்டா அதையும் சொல்லு."

அவள் சுவரைப் பார்த்தாள். கல் முழுக்கப் பாசி. பெர்சி நின்ற இடத்தில் மட்டும் முழங்கை பட்டுத் தேய்ந்து பாசி இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு கை தூரத்தில் இன்னொரு இடமும் அப்படியே மொட்டையாக இருந்தது.

"நீங்க ஏன் வெளியில நிக்கிறீங்க? உங்களை யாரு தள்ளி வச்சா?"

"யாரும் வைக்கல. நான் எப்பவும் இங்கதான்." அவர் மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னிக்கு உன்னையும் அவனையும் திருப்பி அனுப்பினேன் பாரு, அடுத்த வாரமே செயலாளர் வேலைய விட்டுட்டேன். உள்ள உக்காந்து பாக்க முடியல. எந்திரிச்சு வெளிய வந்தேன். அவன் இங்க நின்னுக்கிட்டிருந்தான். பக்கத்துல நின்னேன். அந்த சீசன் முழுக்க என்கிட்ட ஒரு வார்த்த பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு நாள், 'அந்த நடுவர் குருடன்டா'ன்னான். நானும் ஆமான்னேன். அப்பலேருந்து சேந்துதான் நிக்கிறோம்."

"எனக்குத் தெரியாதே."

"ஊருக்கே தெரியும். உனக்கும் உங்கம்மாவுக்கும் மட்டும் யாரும் சொல்லல. உங்கம்மா வாய்க்கு எல்லாருக்கும் பயம்." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "விதிய மாத்தின அன்னிக்கு நானே அவன்கிட்ட வந்து சொன்னேன், வாடா உள்ள போலாம், இப்ப போலாம்னு. 'அங்க என்னடா இருக்கு, பாதி மைதானம் தூண் மறைக்கும்'னுட்டான்."

தெல்மா பக்கத்திலிருந்த அந்த மொட்டைக் கல்லில் முழங்கையை வைத்தாள். கல் குளிர்ந்து கிடந்தது.

அப்போதுதான் போல்கார்த்தின் நடு ஆட்டக்காரன் ஒருவன், சேற்றில் குளித்த பையன், பந்தை வாங்கினான். எதிரே மூன்று பேர். அவன் ஒரு பக்கம் போவதுபோல் இருந்தது. மூன்று பேரும் அந்தப் பக்கம் போனார்கள். அவன் அங்கே இல்லை. தெல்மாவுக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் இது தெரிந்தது. பையன் கோட்டைத் தாண்டி விழுந்தான், மைதானமே அலறியது.

"போ," என்றார் பெர்சி. "ஓடு. அவன் கேட்டிருப்பான். யாருன்னு தெரியாம தவிப்பான்."

நாற்பத்தாறு வயசு ஆசிரியை சேற்றுச் சந்தில் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பார்த்தவர்கள் ஹெட்லி போய்விட்டார் என்றே நினைத்திருப்பார்கள்.

போகவில்லை. எனிட் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்தாள், வாழ்க்கையில் முதல் முறையாகப் பேசாமல். தெல்மாவைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாள். அப்பாவின் உதட்டில் நீலம் ஏறியிருந்தது. கண் மட்டும் விழிப்பாக இருந்தது.

"நம்ம ட்ரை," என்றார். "யாரு?"

"பேரு தெரியலப்பா. நடுவுல ஆடுறவன். மூணு பேரு வந்தாங்க. இப்படிப் போற மாதிரி காட்டினான்." அவள் எழுந்து நின்று தன் இடுப்பை வளைத்துக் காட்டினாள். "அப்புறம் பாத்தா அந்தப் பக்கம் இருக்கான்."

"எந்தக் கால ஊனினான்?"

"வலது."

"நல்ல பையன்." கண்ணை மூடித் திறந்தார். "பெர்சி நின்னானா?"

"நின்னார். நீங்க ஏம்ப்பா சொல்லல?"

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அவன உயிரோட விடுவாளா?" நெஞ்சு குலுங்கியது, அது சிரிப்பு என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அன்னிக்கு வடக்க, என் பேரச் சொல்லிக் கத்தினதும் அவன்தான்."

தெல்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "யாரு, பெர்சியா?"

"துணைக்குக் கூட்டிட்டுப் போனேன். வாயத் திறக்காதடான்னு ரயில்ல அத்தன தடவ சொன்னேன். நான் ட்ரை போட்டதும் மறந்துட்டான்."

"அவராலதானே எல்லாம் போச்சு. நம்ம வாழ்க்கையே."

அப்பா தலையை மெல்ல ஆட்டினார். அது இல்லை என்பதா, உனக்குப் புரியாது என்பதா, தெரியவில்லை. வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"அச்சடிச்ச தாள்ல வேற பேரு. சுத்தி ஒருத்தனுக்கும் என்னத் தெரியாது. மழை. சேத்துல இருந்து எந்திரிக்கிறேன், என் பேர ஒருத்தன் கூப்பிடுறான். ஊர் பேரையும் சேத்து. லண்டன்ல அம்பதாயிரம் பேரு கை தட்டினாங்க தெல்மா, அப்பகூட எனக்கு அப்படி இருந்ததில்ல."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிளப்புக்கு என்ன பதில் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவர்தான், "இப்ப ஆட்டத்தச் சொல்லு," என்றார்.

தெல்மாவுக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். தலையில் அடிபட்ட பையன் எழுந்து நின்றதைச் சொன்னாள். சேற்றைச் சொன்னாள், ட்ரெவென்காரர்களின் சிவப்புச் சட்டை மண்ணில் பழுப்பாகிப் போனதைச் சொன்னாள். தெரிந்தது தீர்ந்ததும் தெரியாததைச் சொல்ல ஆரம்பித்தாள். இப்போது நம்மாள் ஒருவன் பந்தை உதைக்கிறான், அது உயரப் போகிறது, காற்று அதைப் பிடித்துக்கொள்கிறது, கீழே எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். வெளியே கூட்டம் ஒருமுறை பெரிதாகச் சத்தம் போட்டது. நம்ம சத்தமா அவர்கள் சத்தமா என்று அப்பா சொல்லட்டும் என்று அவள் நிறுத்தினாள். அவர் சொல்லவில்லை. தெல்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, அந்தப் பந்தை அப்படியே அந்தரத்தில் விட மனசில்லாமல், அதைப் பிடித்தவன் யார், எப்படி ஓடினான், எங்கே கொண்டுபோய் வைத்தான் என்று முழுக்கச் சொல்லி முடித்தாள். எனிட் வந்து ஜன்னலை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்ததும் காலின் வந்தார், மறுபடியும் தொப்பியை உருட்டிக்கொண்டு. ஜெயித்தது போல்கார்த்துதான், ஒரு புள்ளியில், என்று அவர் சொல்லித்தான் தெல்மாவுக்குத் தெரிந்தது. சவ அடக்கம் வியாழன் என்று முடிவானது.

"அப்போ, புதன்கிழம ராத்திரி கிளப்புல..."

"கிளப்புல வேண்டாம். வீட்டுல இருந்து ஆலயம், ஆலயத்துல இருந்து கல்லறை. சந்து வழியாத் தூக்கிட்டுப் போகணும். அடக்கம் முடிஞ்சு எல்லாருக்கும் தேநீர் சந்துலயே."

"சந்துலயா?" காலின் திகைத்துப்போனார். "இருநூறு பேருக்கு இறைச்சிப் பேஸ்டி சொல்லியிருக்கோம். அங்க சேறும் சகதியும், ஒரு கூரைகூடக் கிடையாதே."

"அப்பா அங்க கூரை இல்லாமத்தான் நின்னார்."

காலின் தொப்பியை உருட்டுவதை நிறுத்தினார். "கோவமா இருக்கீங்க. நியாயம்தான்."

"போன வாரம் கேட்டிருந்தா கோவம்னு சொல்லியிருப்பேன்," என்றாள் தெல்மா. "இப்ப அது இல்ல. அவரு இடம் அது. வர்றவங்க அங்க வரட்டும்."

"பலகையில பேரு?"

"பலகை உங்களுது. எழுதிக்கோங்க. அழகா எழுதுங்க."

அன்று மாலையே அவள் தெருவின் மறுகோடிக்குப் போய் பெர்சி வீட்டுக் கதவைத் தட்டினாள். பெட்டி தூக்க வர வேண்டும் என்றாள். தன்னால் தேநீர்க் கெண்டியைக்கூட ஒரு கையால் தூக்க முடியாது, பின்னால் நடந்து வருகிறேன் என்றார் பெர்சி. தெல்மா விடவில்லை.

அந்தப் பக்கத்து வழக்கப்படி பெட்டியைத் தோளில் ஏற்றவில்லை. கைகளை நீட்டி, இடுப்புக்குக் கீழே, பெட்டிக்கு அடியில் துண்டு கொடுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கிளப்பின் தடித்தடியான முன்வரிசைப் பையன்கள் ஆறு ஆறு பேராக மாற்றி மாற்றித் தூக்கினார்கள். பின்னால் ஊர் பாமாலை பாடிக்கொண்டு வந்தது. சுவர் தாழ்ந்த இடம் வந்ததும் ஆள் மாற்ற நின்றார்கள். பெர்சி முன்னால் வந்து ஒரு துண்டின் முனையைப் பிடித்தார். அவருக்குப் பின்னால் நின்ற ராட்சசன் ஒருவன், யாரும் சொல்லாமலே, தன் கையைக் கொஞ்சம் உயர்த்திப் பாரத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டே நடந்தான். பெர்சிக்குத் தெரிந்திருக்கும். அவரும் பாடினார்.

கல்லறையிலிருந்து திரும்பியபோது சந்தில் ஆலயத்து மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். சேற்றுக்கு வைக்கோல் பரப்பியிருந்தார்கள். கிளப் பெண்கள் பேஸ்டித் தட்டுகளையும் குங்குமப்பூ ரொட்டிகளையும் மைதானத்துக்குள்ளிருந்து சுவர்மேல் வைக்க, இந்தப் பக்கம் நின்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ட்ரெவெனிலிருந்தும் பஸ் வைத்து வந்திருந்தார்கள். வந்த கையோடு, சனிக்கிழமை நடுவர் குருடன் என்று ஆரம்பித்தார்கள். எனிட் அவர்களோடு சண்டைக்குப் போனாள். தெல்மா ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றிப் பெர்சியிடம் நீட்டினாள்.

"சர்க்கரை எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது," என்றாள்.

"மூணு," என்றார் பெர்சி. "டாக்டர்கிட்ட சொல்லாத."

அப்போது மழை பிடித்தது. முதலில் தூறல், பிறகு கடலிலிருந்து நேராக வரும் சாய்மழை. காலின் தலையில் கையை வைத்துக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "உள்ள வந்துடுங்க எல்லாரும், கிளப் திறந்துதான் இருக்கு, அடுப்புகூட மூட்டி வச்சிருக்கோம்," என்று கூப்பிட்டார்.

கூட்டம் தெல்மாவைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. ஆண்கள் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். பெண்கள் ரொட்டித் தட்டின்மேல் ஒரு துணியை இழுத்துப் போட்டார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, காலின் பேன்ட்டைச் சற்றே தூக்கிக்கொண்டு, சுவரில் கால் வைத்து ஏறிச் சந்துக்குள் குதித்தார். யாரோ அவர் கையில் ஒரு கோப்பையைக் கொடுத்தார்கள். தேநீரில் மழை விழுந்துகொண்டிருந்தது. எல்லாரும் அதைக் குடித்தார்கள்.